சோலூர்க் காற்றும் கார்பரேட்டரும்

நீலகிரியில் கேரட்டை இருட்டிலேயே பிடுங்குகிறார்கள். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆட்கள் தோட்டத்தில் இறங்கி, மூட்டை கட்டி, கழுவுகிற இடத்துக்கு அனுப்பி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏற்றியாக வேண்டும். அதனால் சோலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் மோட்டார் சைக்கிள் பின்னிரவில் தேவைப்படுகிற பொருள். அது கிளம்ப மறுப்பதும் அந்த நேரத்தில்தான். மார்கழி, தை மாதங்களில் தலைகுந்தாவிலும் பக்கத்துப் பள்ளங்களிலும் புல் வெள்ளையாய் உறைந்து கிடக்கும். தெருவில் யாரோ ஒருவர் கிக்கரை மிதித்துக்கொண்டே இருப்பார். வண்டி எடுப்பதுபோல் எடுக்கும், நாலு சத்தம் போடும், நின்றுவிடும். மறுபடி மிதி. கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் வாசனை தெரு முழுக்கப் பரவும். அதற்கப்புறம் மிதித்துப் பயனில்லை என்பது மிதிக்கிறவருக்கும் தெரியும், ஆனாலும் மிதிப்பார். ஆட்கள் தோட்டத்தில் காத்திருக்கிறார்களே.

இந்தக் கோளாறைப் பற்றி யோசிக்க யோசிக்க, அது வண்டிக்குள் மட்டும் இல்லை என்று தெரிகிறது. பாதி அந்த ஊர்க் காற்றில் இருக்கிறது.

ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். இந்தக் கணக்கைக் காப்பாற்றுவது கார்பரேட்டரின் வேலை. ஆனால் கார்பரேட்டருக்குக் காற்றை எடை போடத் தெரியாது. குறுகலான கழுத்து வழியே காற்று விரைந்து ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த உறிஞ்சலில் அடிக்கிண்ணத்துப் பெட்ரோல், ஜெட் என்கிற சிறு துளை வழியாக ஏறி வருகிறது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம், சோலூர் அதற்குச் சற்றுக் கீழே. இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். இந்த ஊர் அடுப்பில் பருப்பு வேக நேரமாவதும் அதனால்தான். குளிரையும் கணக்கில் சேர்த்தால், ஒரு லிட்டர் காற்றின் எடை சென்னையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. கார்பரேட்டர் வழியே வரும் பெட்ரோலோ பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. மிஞ்சிய பெட்ரோலுக்கு எரியக் காற்று இல்லை. அது கரியாகிப் பிளக்கில் படிகிறது. சமவெளியில் ஓடும் லட்சக்கணக்கான வண்டிகளுக்காகத் தேர்ந்தெடுத்த ஜெட் அளவு, மலையில் வாழ்நாள் முழுக்க ஓடப்போகும் வண்டிக்கும் அப்படியே வந்து சேர்கிறது.

இது உயரம் செய்கிற வேலை. குளிர் செய்வது இதற்கு நேர் எதிர். எரிவது பெட்ரோலின் ஆவிதான், திரவம் எரியாது. உறைபனி விழுந்த காலையில் என்ஜினுக்குள் போகும் பெட்ரோலில் பெரும்பகுதி ஆவியாகாமல் குழாய்ச் சுவரிலேயே ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. எரிவதற்குப் போதுமான ஆவி கிடைக்க வேண்டுமென்றால் வழக்கத்தைவிடப் பல மடங்கு பெட்ரோல் உள்ளே போயாக வேண்டும். சோக் இருப்பது அதற்குத்தான்.

ஆக, சோலூர் விடியலில் ஒரே என்ஜினிடம் இரண்டு உண்மைகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன. குளிர், இன்னும் பெட்ரோல் கொடு என்கிறது. காற்று, ஏற்கெனவே அதிகம் என்கிறது. சோக் போடாவிட்டால் எடுக்காது. போட்டு ஒரு நிமிடம் கூடுதலாக விட்டால் பிளக் நனைந்து நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே கோயம்புத்தூரில் இருக்கும் இடைவெளி இங்கே இல்லை. கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வந்த எத்தனையோ பேர் 'வண்டி நேற்றுவரை நன்றாக இருந்தது' என்று சொல்வது முழு உண்மை. வண்டி அப்படியேதான் இருக்கிறது. அது மூச்சு வாங்குகிற இடம் மாறிவிட்டது.

தலைகுந்தாப் பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் ஸ்பேனரைத் தொடமாட்டார். முதலில் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணா, சோக்க இழுத்தா ஓடுதா, தள்ளுனா ஓடுதா?"

இந்தக் கேள்வியின் அருமை எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது. சோக்கை அவர் ஸ்டார்ட் செய்யும் கருவியாகப் பார்ப்பதில்லை, என்ஜினிடம் கேள்வி கேட்கும் கருவியாகப் பார்க்கிறார். சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தவுடன் நிற்கிறது, என்ஜின் சூடான பிறகும் அதே கதை என்றால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். பெரும்பாலும் பைலட் ஜெட் அடைத்திருக்கும். சோக் போட்டால் உடனே மூச்சு முட்டி நிற்கிறது, ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திறந்து மிதித்தால் எடுக்கிறது, சைலன்சரில் கருப்புப் புகை வருகிறது என்றால் பெட்ரோல் அதிகம். ஏர் ஃபில்டரில் அழுக்கு அடைத்திருக்கலாம். கிண்ணத்து மிதவையின் ஊசி தேய்ந்து பெட்ரோல் நிற்காமல் வழியலாம். அல்லது ஒன்றும் கெடாமல், வெறும் உயரமாகவே இருக்கலாம். சோக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி விட்டு விட்டு நிற்கிறது என்றால் தேட வேண்டியது மின்சாரப் பக்கம். ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் நோயின் திசை தெரிந்துவிடுகிறது.

அதற்கப்புறம் பிளக். பிளக்கைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்ப்பதைப் போல ஒரு சாட்சியம் என்ஜினில் வேறெங்கும் இல்லை. முனையில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. சுண்ணாம்பு வெளுப்பாக இருந்தால் காற்று அதிகம், என்ஜின் காய்கிறது. கையில் ஒட்டும் பட்டுக் கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம். கருப்போடு எண்ணெய்ப் பிசுபிசுப்பும் இருந்தால் பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ சந்தேகப்பட வேண்டும். வெறும் ஈரமாகப் பெட்ரோல் சொட்டினால் தீப்பொறி வரவில்லை, அல்லது மிதித்தது அதிகம். துடைத்து, கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பை என்ஜின் பல்லில் படும்படி, பெட்ரோல் ஈரமில்லாத இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டு கிக்கரை மிதிக்கச் சொல்வார். அரை இருட்டில் அந்தப் பொறி நன்றாகத் தெரியும். நீல வெள்ளையாய், சடக்கென்று சத்தத்தோடு தாண்டினால் பொறியைத் தரும் காயிலும் சிடிஐயும் நலம். மஞ்சளாய் நூல்போல் மெலிந்து வந்தால் பிளக் கேப்பிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். பிளக் இடைவெளி முக்கால் மில்லிமீட்டருக்கு முன்னே பின்னே. அதைக் கணக்காய் அளக்க ஃபீலர் கேஜ் இருக்கிறது. அவரும் வைத்திருக்கிறார். ஆனால் கண்ணாலேயே பார்த்துத் தரையில் மெல்லத் தட்டிச் சரிசெய்வதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பைலட் ஜெட்டைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்டார்ட் ஆவதும் ஐடிலிங்கில் நிற்பதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தது. ஆக்ஸிலேட்டர் முறுக்காத நிலையில் என்ஜின் குடிக்கிற பெட்ரோல் அந்தச் சின்னப் பித்தளைத் துண்டின் நடுவில் உள்ள துளை வழியாகத்தான் வருகிறது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஊசி குத்தியதுபோல ஒரு ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். வண்டி சில வாரம் நின்றிருந்தால் பெட்ரோல் வற்றி அங்கே பிசினாகப் படிந்துவிடும், ஒளிப்புள்ளி இருக்காது. பொறுமை இல்லாதவர்கள் கம்பியை விட்டுக் குத்துவார்கள். பித்தளை மென்மையான உலோகம், துளை பெரிதாகிவிடும். அடைப்பு போகும், அளவும் போகும். பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றடிப்பதுதான் முறை. ஏர் ஸ்குரூவிலும் ஒரு பொறி இருக்கிறது. அந்தத் திருகாணி ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளப்பது. வெளியே திருப்பினால் கலவை மெலியும். என்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலை அளப்பது. வெளியே திருப்பினால் கலவை கொழுக்கும். பக்கம் பார்க்காமல் திருப்புகிறவர் கெடுக்கவே செய்வார்.

சில கோளாறுகள் தடயம் வைக்காது. வண்டி நன்றாக எடுக்கும், நாலைந்து கிலோமீட்டர் ஓடும், ஏற்றத்தில் மெல்ல இழுவை இழந்து நின்றுவிடும். ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மிதித்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி எடுக்கும். பெட்ரோல் டேங்க் மூடியில் காற்று உள்ளே வர ஒரு சிறு துளை உண்டு. அதில் மண் அடைத்தால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி ஓட்டத்தைப் பிடித்து நிறுத்திவிடும். வண்டி நின்றவுடன் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்காதவர்கள் காயிலை மாற்றி, சிடிஐயை மாற்றி, கார்பரேட்டரையும் மாற்றியிருக்கிறார்கள்.

உறைபனிக் காலத்துக்கே உரிய இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வெளியே நாலைந்து டிகிரி, கூடவே ஈர மூடுபனி என்றால் கார்பரேட்டர் கழுத்து பூச்சியத்துக்கும் கீழே குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அங்கேயே பனிக்கட்டியாகப் படியலாம். சின்ன விமானங்களை ஓட்டுகிறவர்கள் இதைப் பெரிய ஆபத்தாகக் கருதுவார்கள். மோட்டார் சைக்கிளில் உயிராபத்து இல்லை, குழப்பம்தான். வேகத்தைக் குறைத்ததும் வண்டி நிற்கும். ஸ்பேனரைத் தேடி எடுப்பதற்குள் என்ஜின் சூட்டில் பனி உருகிவிடும். திறந்து பார்க்கும்போது குற்றவாளி இருக்காது.

தண்ணீர் வேறு வகையிலும் வருகிறது. பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் ஈரம் வேர்த்து இறங்கும். கிண்ணத்தின் அடித் திருகாணியைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தால், பெட்ரோலுக்கு அடியில் முத்து முத்தாக உருளும். இப்போது பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் கதை சற்று மாறியிருக்கிறது. 2025இல் நாடு முழுக்க நூற்றுக்கு இருபது என்கிற அளவை எட்டிய கலப்பு இது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சித் தன்னோடு கரைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்து இறங்கிவிடும். எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் கேட்கிறது, அதனால் குளிர் காலையில் ஸ்டார்ட் ஆவது இன்னும் கடினம். இந்த மலைக்கு ஒரு விநோதமான சலுகையும் அதில் இருக்கிறது. எத்தனாலுக்கு எரியக் குறைந்த காற்று போதும். ஜெட் மாற்றாத பழைய கார்பரேட்டரில், சமவெளியில் கலவையை மெலிய வைக்கிற அதே கலப்பு, மேலே உயரத்தால் ஏற்பட்ட கொழுப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. ரப்பர் வாஷர்களுக்கும் குழாய்களுக்கும் அது செய்வது தனிக் கணக்கு. ஆனால் ஓடிச் சூடான பிறகு சில பழைய வண்டிகள் முன்னைவிடச் சுத்தமாக ஓடுவதாகத் தோன்றினால், அது வெறும் பிரமையாக இருக்க வேண்டியதில்லை.

இத்தனை காரணங்களையும் அடுக்கும்போது நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பிளக்கையும் மாற்றி, ஃபில்டரையும் மாற்றி, கார்பரேட்டரையும் கழுவி, பெட்ரோலையும் கொட்டிவிட்டால் வண்டி ஓடும்தான். எது கெட்டிருந்தது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அடுத்த மழைக்கு அதே கோளாறு திரும்பி வரும்போது மறுபடியும் எல்லாவற்றுக்கும் பணம் கொடுக்க வேண்டும். பழுது நீங்குவதும் பழுது புரிவதும் வேறு வேறு. கையில் காசுள்ளவருக்கு முதலாவது போதும். பச்சைத் தேயிலை விலையை நம்பி வாழ்கிற சிறு விவசாயிக்கு இரண்டாவது இல்லாமல் கட்டுப்படியாகாது.

அப்படிப் புரிந்தவர்கள் பக்கத்திலேயே இருந்த மலை இது. சோலூரை ஒட்டி ஒரு கோக்கால் இருக்கிறது. நீலகிரியின் ஏழு கோத்தர் ஊர்களில் ஒன்று. அவர்கள் மொழியில் அதற்குக் குர்கோஜ் என்று பெயர். கோத்தர்கள் இந்த மலையின் கொல்லர்கள், தச்சர்கள், குயவர்கள், இசைக்காரர்கள். கோடாரி, அரிவாள், கொத்து என்று இந்த மலையில் புழங்கிய இரும்பெல்லாம் நீண்ட காலம் அவர்கள் உலைக்களத்திலிருந்து வந்தது. 1930களில் இங்கே வந்து தங்கி ஆராய்ந்த டேவிட் மண்டேல்பாமும், கோத்தர் மொழிக் கதைகளைத் திரட்டி 1944இலிருந்து நூலாக வெளியிட்ட எமனோவும் பதிவு செய்த உலகம் அது. இந்த மலையின் உழவர்களான படகர்களின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இன்னார் என்று ஒரு கோத்தர் குடும்பம் இருந்தது. கருவியும் சடங்குக்கு இசையும் இந்தப் பக்கமிருந்து போகும். தானியம் அந்தப் பக்கமிருந்து வரும். அந்த உறவில் மேல் கீழ் இருந்தது. கோத்தர்களைத் தாழ்வாக நடத்தினார்கள் என்பதை மறைத்துவிட்டு அதைப் பொற்காலம் என்று பேச எனக்கு மனம் வராது. கடையில் விற்கிற கருவிகள் வந்தபின், மனம் கசந்தபின், அந்தக் கட்டு அவிழ்ந்ததில் நியாயம் இருந்தது. ஆனாலும் அதில் ஒரு அம்சத்தை நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அரிவாளின் வாய் மடங்கினால் அது ஏன் மடங்கியது என்று தெரிந்தவர் நடந்து போகிற தூரத்தில் இருந்தார். அந்த மண்ணில் எந்தப் புதரை அது வெட்டும், அதற்கு எவ்வளவு பதம் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கருவி புழங்கிய இடத்திலேயே அதைப் பற்றிய அறிவும் குடியிருந்தது.

கார்பரேட்டர் காலத்து மோட்டார் சைக்கிள், அது எங்கோ தொலைவில் செய்யப்பட்டதென்றாலும், இந்த அறிவு குடிபுக இடம் கொடுத்தது. திருவொற்றியூரில் 1950களிலிருந்து செய்த புல்லட் ஆனாலும், 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 ஆனாலும், திறந்தால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும். சோலூர்க் காற்றுக்கு ஒரு எண் சிறிய ஜெட் போதும், ஜெட் ஊசியின் கிளிப்பை ஒரு படி மாற்றினால் போதும் என்பதைப் படிக்காத ஒருவரும் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்து அடுத்தவருக்குச் சொல்ல முடிந்தது. கல்லட்டிச் சரிவில் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி மசினகுடிக்குப் போனால் அதே வண்டி காற்று அதிகமாகிச் சூடேறும் என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருந்தது.

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தன. அதன்பின் கார்பரேட்டர் புதிய வண்டிகளிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. நியாயமாகச் சொன்னால், இந்த மலைக்கு அது பெரிய நன்மை. பெட்ரோலைப் பீய்ச்சும் புதிய முறையில் காற்றின் அழுத்தத்தை ஒரு சென்சார் அளக்கிறது. என்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை இன்னொன்று அளக்கிறது. குளிர் கேட்பதையும் உயரம் கேட்பதையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, அந்த மல்லுக்கட்டை ஒரு சின்னக் கணிப்பொறி தீர்த்துவைக்கிறது. உறைபனியிலும் ஒரு பொத்தானில் வண்டி எடுக்கிறது. புகை குறைந்திருக்கிறது. இதைப் பழித்துப் பேச எனக்கு ஒரு காரணமும் இல்லை.

அது எடுக்காத காலையைப் பற்றித்தான் என் கவலை. பூச்சியம் டிகிரியில் பேட்டரி தன் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. பல வண்டிகளில் இப்போது கிக்கரே இல்லை. சோலூரில் எந்த வீட்டு வாசலும் ஒரு சரிவில்தான் முடிகிறது. முன்பெல்லாம் பேட்டரி செத்தாலும் கியரைப் போட்டு இறக்கத்தில் உருட்டினால் வண்டி எடுத்துக்கொள்ளும். பெட்ரோல் பம்ப்புக்கே மின்சாரம் வேண்டுகிற புதிய வண்டியில் பேட்டரி முழுக்கப் படுத்துவிட்டால் அந்த வழி பெரும்பாலும் பலிப்பதில்லை. சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள் பம்ப் இரண்டு மூன்று நொடி முனகும். அந்தச் சத்தம் வருகிறதா என்று காது கொடுப்பதுதான் இன்றைய முதல் சோதனை. என் தலைகுந்தாக்காரர் அதையும் கற்றுக்கொண்டுவிட்டார். மீட்டரில் மஞ்சள் விளக்கு எத்தனை முறை நீண்ட நேரமும் எத்தனை முறை குறுகிய நேரமும் மின்னுகிறது என்று எண்ணி, எந்தச் சென்சார் என்று சொல்கிற அளவுக்கு வந்திருக்கிறார். ஆனால் அந்தக் கணக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. சில வண்டிகளில் கம்பெனி ஸ்கேனர் இல்லாமல் ஒன்றும் தெரியாது. அப்போது வண்டியை வேனில் ஏற்றி ஊட்டிக்கோ கோவைக்கோ இறக்க வேண்டியதுதான், அது துருப்பிடித்த ஒரு பின்னாகவே இருந்தாலும்.

ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையவாயிலைத் தொடங்கியது. வேளாண் கருவி, கைப்பேசி, வீட்டுச் சாதனம், வாகனம் என்ற நான்கு துறைகளை அதற்கு எடுத்துக்கொண்டது. கம்பெனிகள் தாங்களாக முன்வந்து கையேடுகளையும் உதிரிபாக விவரங்களையும் அங்கே தர வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல தொடக்கம், ஆனால் தாங்களாக என்பது போதாது, சட்டமாக வேண்டும். வண்டியோடு கொடுக்கிற புத்தகத்தில் டயர் காற்றின் அளவையும் ஆயில் மாற்றும் கிலோமீட்டரையும் அச்சிடுகிறார்கள். அதற்கு அடுத்த பக்கத்தில் மஞ்சள் விளக்கின் மின்னல் கணக்கையும், சென்சார் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்ற படத்தையும், பேட்டரி படுத்தால் இந்த வண்டியைத் தள்ளி எடுக்க முடியுமா முடியாதா என்ற ஒரு வரியையும் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் விற்கிற வண்டிக்கு அந்தப் பக்கம் தமிழில் இருக்க வேண்டும், கேரட் தோட்டத்துக்குப் புறப்படுகிறவர் தலைவிளக்கு வெளிச்சத்தில் படித்துக்கொள்கிற மாதிரிப் பெரிய எழுத்தில்.